43 நாள் இழுத்துட்டு கடைசில எட்டு பேர் கையத் தூக்கிட்டாங்க, என்ன கிடைச்சுது நமக்கு?

பொடோமாக் கரையோரம்
நவம்பர் 13, 2025

நேத்து ராத்திரி ட்ரம்ப் கையெழுத்துப் போட்டாச்சு, செலவுக்கு காசு ஒதுக்காம அக்டோபர் 1லேர்ந்து அரசாங்க ஆபீஸ் மூடிக் கிடந்த ஷட்டவுன் 43 நாளோட முடிஞ்சுது. இதுக்கு முந்தின ரெக்கார்டு 35 நாள், அதுவும் இவரு முதல் தடவை அதிபரா இருந்தப்ப மெக்சிகோ பார்டர் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு நடந்தது. ஆபீஸ்ல எல்லாரும் அப்பாடான்னு இருக்காங்க, எனக்கு வயிறு எரியுது.

எதுக்காக இத்தனை நாள் சண்டை? ஒபாமாகேர், அதாவது 2010 மருத்துவ இன்ஷூரன்ஸ் சட்டத்துல தர்ற ப்ரீமியம் மானியம். 2021ல கோவிட் நிவாரணச் சட்டத்துல அத கூட்டிக் குடுத்தாங்க, 2022ல இன்னொரு சட்டத்துல 2025 கடைசி வரைக்கும் நீட்டினாங்க, டிசம்பர் 31 தாண்டினா அந்தக் கூடுதல் மானியம் காலி. அந்தச் சட்டத்துல வந்த மார்க்கெட்ப்ளேஸ் சைட்ல இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கறவங்க கிட்டத்தட்ட 2 கோடியே 40 லட்சம் பேர், அதுல ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு மானியம் போகுது. கேஎஃப்எஃப்ங்கற மருத்துவக் கொள்கை ஆராய்ச்சி அமைப்பு போட்ட கணக்குல சராசரியா ஒருத்தர் வருஷத்துக்கு கைக்காசு கட்டறது 888 டாலர்லேர்ந்து 1,904 டாலருக்கு ஏறும். இத நிறுத்தறதுக்குத்தான் செனட்ல 14 தடவை நம்ம டெமாக்ராட் ஆளுங்க அரசாங்கச் செலவுக்கான பில்லத் தோக்கடிச்சாங்க.

பதினஞ்சாவது தடவை, ஒன்பதாந்தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி, 60க்கு 40ல அது தாண்டிடுச்சு. நம்ம பக்கத்துலேர்ந்து ஆதரவா போட்டவங்க: கெயின், ஷஹீன், ஹாஸன், டர்பின், ரோஸன், கோர்டெஸ் மாஸ்டோ, ஃபெட்டர்மன், அப்புறம் சுயேச்சை ஆங்கஸ் கிங். எட்டு பேரு. கைக்கு வந்தது என்னன்னா டிசம்பர்ல மானியத்து மேல செனட்ல ஒரு ஓட்டெடுப்பு நடத்துவோம்னு ரிபப்ளிகன் செனட் தலைவர் தூன் குடுத்த வாக்கு. ஓட்டெடுப்பு மட்டும்தான், ஜெயிக்க வெக்கறோம்னு யாரும் சொல்லல. இன்னொரு சபையான ஹவுஸ்ல அந்த வாக்கு கூட இல்ல, ஸ்பீக்கர் ஜான்சன் எதுக்கும் ஒத்துக்கவே இல்ல.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, இந்த எட்டு பேர்ல ஒருத்தர் கூட 2026ல மக்கள் முன்னாடி போய் நிக்கப் போறதில்ல. ஷஹீனும் டர்பினும் ரிட்டயர் ஆறாங்க. கெயின், கிங், ரோஸன் மூணு பேருக்கும் 2030 வரைக்கும் சீட் இருக்கு, மத்த மூணு பேருக்கு 2028. நாலாந்தேதி கவர்னர் தேர்தல்ல வர்ஜீனியாவுல நம்ம கட்சி ஸ்பான்பெர்கரும் நியூஜெர்சில ஷெரிலும் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, மக்கள் யார் பக்கம்னு ஊருக்கே தெரிஞ்சுது, அஞ்சே நாள்ல கையத் தூக்கினா என்ன அர்த்தம்? கெயினுக்கு போன வருஷம் ஓட்டுப் போட்டவன்ங்கற உரிமைல கேக்கறேன்.


டல்லாஸ்காரன்
நவம்பர் 13, 2025

நண்பரே நான் எதிர் கட்சிங்க, ரிபப்ளிகன், உங்களுக்கே தெரியும், நேராவே சொல்றேன். ஹவுஸ் செப்டம்பர் 19ம் தேதியே பில்லு அனுப்பிருச்சுங்க. அதுல புதுசா எதுவும் திணிக்கல, இருக்கிற செலவ நவம்பர் வரைக்கும் அப்படியே ஓட்டுங்கன்னு மட்டும்தான். அதே மாதிரி பில்லுக்கு பைடன் காலத்துல உங்க கட்சி எத்தனையோ தடவை ஓட்டுப் போட்டிருக்கு, இந்த மார்ச்லகூட விவாதத்த முடிச்சு பில்ல ஓட்டுக்கு விட உங்க செனட் தலைவர் ஷூமரே போட்டாரு. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

மானியத்துக்கு முடிவு தேதி வெச்சது யாருங்க, உங்க கட்சிதான். 2021லயும் 2022லயும் ஒரு ரிபப்ளிகன் ஓட்டு கூட இல்லாம நீங்களே எழுதின சட்டம், கோவிட் காலத்து உதவின்னு சொல்லித்தான் கொண்டு வந்தீங்க, செலவு கம்மியா காட்டணும்னு காலக்கெடு போட்டீங்க. நிரந்தரமாக்கினா பத்து வருஷத்துக்கு 350 பில்லியன்னு காங்கிரஸோட பட்ஜெட் ஆபீஸே சொல்லுது. 2013ல ஒபாமாகேருக்கு காசு குடுக்காதேன்னு எங்க டெக்சஸ் செனட்டர் டெட் குரூஸ் 16 நாள் கவர்ன்மென்ட்ட மூட வெச்சாரு, அப்ப நீங்க எல்லாம் பணயக்கைதி பிடிக்கறாங்கன்னு கத்தினீங்க. அப்ப அது தப்புன்னா இப்ப இதுவும் தப்புதானுங்க? எனக்கு குரூஸ் பண்ணதும் பிடிக்கல, அத அன்னைக்கே சொன்னவன் நான்.


ராக்வில் அக்கா
நவம்பர் 13, 2025

பொடோமாக் தம்பி, நான் உன் கட்சிதான், ஆனா இதுல உன்கூட நிக்க மாட்டேன்.

நான் ஃபெடரல் வேலைல இருக்கேன், எந்த ஏஜென்சின்னு வேண்டாம். என்ன எக்செப்டட்னு போட்டுட்டாங்க, அப்படின்னா தினம் வேலைக்கு வரணும் சம்பளம் மட்டும் வராது. அக்டோபர் நடுவுல அரைச் சம்பளம் வந்துது, அதுக்கப்புறம் ஸ்டேட்மென்ட்ல பூஜ்யம். கிரெடிட் யூனியன்ல வட்டியில்லாக் கடன் வாங்கித்தான் வீட்டுக் கடன் கட்டினேன். எங்க ஃப்ளோர்ல கஸ்டோடியல், அதாவது துப்புரவு வேலை பாக்கற ஒரு அம்மா, கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க, மதியத்துக்கு ஒண்ணும் கொண்டு வராம உக்காந்திருப்பாங்க, நான் ரெண்டு டப்பா கட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். எங்களுக்காவது பின்னாடி சம்பளம் வந்துடும், 2019ல போட்ட சட்டம் இருக்கு, அவங்களுக்கு அதுவும் கிடையாது. அந்தச் சட்டத்துலயே ஓட்டை இருக்கு, லீவுல அனுப்பினவங்களுக்கு தானா வராதுன்னு அக்டோபர் முதல் வாரத்துல வெள்ளை மாளிகைலேர்ந்து ஒரு பேச்சக் கிளப்பி விட்டாங்க பாரு, அன்னிக்கு ராத்திரி நாங்க யாரும் தூங்கல.

பத்தாந்தேதி 4,000 பேருக்கு மேல வேலைநீக்க நோட்டீஸ் அனுப்பினாங்க. சான்ஃபிரான்சிஸ்கோ ஜட்ஜ் தடுத்து வெச்சாங்க, ஆனா அப்பீல் போனா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும். கெயின் வாங்கிட்டு வந்தது அதைத்தான். ஷட்டவுன்ல குடுத்த நோட்டீஸ் எல்லாம் ரத்து, ஜனவரி 30 வரைக்கும் புதுசா ஆள் குறைப்பு கிடையாது, எல்லாருக்கும் பாக்கிச் சம்பளம். உனக்கு இது ஒண்ணுமில்லாம இருக்கலாம், எங்க வீட்ல இதுதான் சோறு.


பொடோமாக் கரையோரம்
நவம்பர் 13, 2025

அக்கா, உங்க கஷ்டத்த லேசா நினைக்கறவன் இல்ல நான். என் மனைவியும் கான்ட்ராக்ட்லதான் இருக்காங்க, ஸ்டாப் வொர்க் ஆர்டர் வந்துது, அந்தக் காசு திரும்ப வராது. அதனாலதான் இன்னும் கோவம் வருது. இவ்ளோ கஷ்டமும் பட்டு முடிச்சப்புறம் வெறுங்கையோட வர்றதுன்னா அந்தக் கஷ்டம் எதுக்கு பட்டோம்? முதல் வாரத்துலயே முடிச்சிருந்தா இதே வாக்கு கிடைச்சிருக்கும், மானியத்துக்கு ஓட்டெடுப்பு வெக்கறேன்னு தூன் அக்டோபர்லயே சொல்லிட்டாரு.

நான் சொல்ல வர்ற பெரிய விஷயம் வேற. ஒப்பந்தம் போடறோம்ல, அந்த ஒப்பந்தத்துக்கு மதிப்பு இருக்கா? செனட்ல 60 ஓட்டு வேணும்னா ரெண்டு கட்சியும் சேர்ந்தாத்தான் செலவுக் கணக்கு பாஸ் ஆகும். சரி. ஜூலைல என்ன பண்ணாங்க? ஏற்கெனவே ஒதுக்கின 9 பில்லியன, வெளிநாட்டு உதவி, பப்ளிக் ரேடியோ டிவிக்கான காசு எல்லாத்தையும், ரெசிஷன், அதாவது ஒதுக்கினத ரத்து பண்றதுன்னு கொண்டு வந்து அவங்க கட்சி ஓட்டு மட்டும் வெச்சு வெட்டிட்டாங்க. அதுக்கு 60 தேவையில்ல, 1974 சட்டப்படி வெறும் மெஜாரிட்டி போதும். ஊர்ல இருக்கற சின்னச் சின்ன ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன காசு அது. ஆகஸ்ட் கடைசில அதுக்கும் மேல போனாங்க, வருஷக் கணக்கு முடியறதுக்கு ஒரு மாசம் இருக்கறப்ப 4.9 பில்லியன செலவு பண்ண மாட்டோம்னு ஒரு லெட்டர், காங்கிரஸ் ஓட்டுப் போடாமலே செப்டம்பர் 30 தாண்டிட்டா காசு தானா செத்துடும். சுப்ரீம் கோர்ட்டு செப்டம்பர் 26ல அத இப்போதைக்கு விட்டுடுச்சு.

60 பேர் சேர்ந்து போட்ட கணக்க 50 பேர் சேர்ந்து கிழிக்கலாம், இல்ல வெள்ளை மாளிகை பட்ஜெட் இயக்குனர் ரஸ் வோட் ஒரு ஆளே உக்காந்து கிழிக்கலாம்னா எதிர்க்கட்சி எதுக்கு ஓட்டுப் போடணும்? இத நிறுத்தறதுக்கு இந்த ஒப்பந்தத்துல ஒரு வரி கூட இல்ல. மானியம் கிடைக்கலன்னு கூட மன்னிச்சுடுவேன், இத கேக்காம வந்தத என்னால ஏத்துக்க முடியல.


வடக்குமாசிவீதி
நவம்பர் 14, 2025

அண்ணே நான் மதுரைல இருந்து பாக்குறேன், அமெரிக்கா அரசியல் கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும். ஒரு சந்தேகம். இங்க லோக்சபால பட்ஜெட் தோத்துச்சுன்னா ஆட்சியே கவுந்துரும், தேர்தல் வருசத்துல கூட இடைக்கால பட்ஜெட் போட்டு சம்பளத்துக்கு வழி பண்ணிருவாய்ங்க. அங்க மட்டும் ஏன் அதிபரும் இருக்காரு, பார்லிமெண்ட்டும் இருக்கு, கடைய மட்டும் சாத்துறாய்ங்க? ரெண்டு சபையும் அதிபரும் ஒரே கட்சிதான, அப்ப ஏன் அவிய்ங்களாலயே பாஸ் பண்ண முடியல?


கணக்குப்பிள்ளை
நவம்பர் 14, 2025

நல்ல கேள்வி தம்பி. அங்க பிரதமர் சபையோட நம்பிக்கைல இருக்காரு, பணம் மறுத்தா ஆட்சி போச்சு. இங்க அதிபருக்கு நாலு வருஷம் நிலையான பதவி, காங்கிரஸ் பணம் ஒதுக்கலன்னாலும் அவரு அங்கேயேதான் இருப்பாரு. அரசியல் சாசனத்துல முதல் பிரிவுலயே எழுதியிருக்கு, சட்டம் போட்டு ஒதுக்காம கஜானாலேர்ந்து காசு எடுக்கக் கூடாது.

ஆனா கடைய சாத்தறதுங்கறது அந்தக் காலத்துலேர்ந்து வந்த பழக்கம் இல்ல. ஒதுக்காத காசுக்கு வேலை வாங்கக் கூடாதுன்னு 1884லேர்ந்தே சட்டம் இருக்கு, இருந்தாலும் பல வருஷம் பட்ஜெட் லேட்டானா ஆபீஸ் ஓடிட்டேதான் இருந்தது, எப்படியும் பாஸ் ஆயிடும்னு. 1980லயும் 1981 ஆரம்பத்துலயும் கார்ட்டர் கவர்ன்மென்ட்டோட அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, அப்படி ஓட்டறது சட்ட விரோதம், உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு தர்ற வேலை தவிர மத்தத நிறுத்தணும்னு கருத்து எழுதினாரு. அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து எல்லாம்.

ரெண்டாவது கேள்விக்கு, செனட்ல ஃபிலிபஸ்டர்னு ஒரு விதி. விவாதத்த முடிச்சு ஓட்டுக்கு விடவே 100ல 60 பேர் வேணும். ரிபப்ளிகன்ஸ் 53 பேர்தான், அதுலயும் ரேண்ட் பால் எதிரா போட்டாரு. அதனாலதான் எட்டு பேர் தேவைப்பட்டுது. அந்த விதிய ஒழிச்சுடுங்கன்னு ட்ரம்ப் கேட்டுட்டே இருந்தாரு, தூன் மறுத்துட்டாரு.

டல்லாஸ் சாருக்கு ஒரு வார்த்தை. 2013ல குரூஸ் கேட்டது அமல்ல இருந்த சட்டத்த முடக்கணும்னு. இப்ப இவங்க கேட்டது முடியப் போறத நீட்டணும்னு. ரெண்டும் அரசாங்கத்த நிறுத்தி கேட்டதுதான், அதுல வித்தியாசம் இல்ல, கேட்ட பொருள்ல நிறைய வித்தியாசம் இருக்கு.


டல்லாஸ்காரன்
நவம்பர் 14, 2025

பிள்ளை சார், முடியப் போறதுங்கறதும் சட்டம்தானுங்க. முடிவு தேதியோட போட்ட சட்டத்த நீட்டணும்னா அதுக்கு ஓட்டு வாங்கி ஜெயிக்கணும், 2024ல மக்கள் எங்களுக்குத்தான் ரெண்டு சபையும் குடுத்தாங்க.

பொடோமாக் சொல்ற பர்ஸ் அதிகாரம், அதாவது காசு ஒதுக்கற அதிகாரம் பத்தி. அதுல பாதி ஒத்துக்கறேன், ஜனாதிபதி காசப் பிடிச்சு வெக்கறது எனக்கும் நல்லதாப் படல, நாளைக்கு உங்க ஆளு வந்து ராணுவத்துக்கோ பார்டருக்கோ ஒதுக்கினத பிடிச்சு வெப்பாரு. ஆனா பைடன் காங்கிரஸக் கேக்காம 400 பில்லியன் ஸ்டூடண்ட் லோன தள்ளுபடி பண்ணப் பாத்தாரு, 2023ல சுப்ரீம் கோர்ட்டு 6க்கு 3ல தடுத்துச்சு. அப்ப பர்ஸ் யார் கைலன்னு உங்க பக்கம் யாரும் கேக்கலயே.

இந்த மானியம் நேரா யாருக்குப் போகுது? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. ப்ரீமியம் வருஷா வருஷம் ஏத்தறான், கவர்ன்மென்ட்டு கட்டுது, அவனுக்கென்ன கவலை. அந்தக் காச ஜனங்க கணக்குல போடுங்க, ஹெச்எஸ்ஏங்கற வைத்தியச் செலவு சேமிப்புக் கணக்கு மாதிரி, அவங்களே பாத்து செலவு பண்ணட்டும்னு செனட்டர் காஸிடி சொல்றாரு, அவரு டாக்டர். அத ஏன் பேச மாட்டேங்கறீங்க?


கொலம்பஸ் கடை
நவம்பர் 15, 2025

எப்பவும் படிச்சுட்டுப் போயிடுவேன், இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு. நாங்க ஒஹையோல ஒரு சின்ன மளிகைக்கடை வெச்சிருக்கோம், நானும் வீட்டுக்காரரும், ரெண்டு பேருக்கும் 60 தாண்டிடுச்சு, 65 வயசுல வர்ற அரசாங்க மெடிகேர் இன்ஷூரன்ஸுக்கு இன்னும் இருக்கு. வேலைக்காரங்க கிடையாது, கம்பெனி இன்ஷூரன்ஸ் கிடையாது, மார்க்கெட்ப்ளேஸ்தான். இந்த வருஷம் மாசம் அறுநூறு டாலர் கிட்ட கட்டறோம். அடுத்த வருஷத்துக்கு அதே ப்ளான் சைட்ல பாத்தா ரெண்டாயிரத்து சொச்சம் காட்டுது. ரீலோட் பண்ணிப் பாத்தேன், வருமானத்த மாத்தி மாத்திப் போட்டேன். 84,600 டாலருக்கு கீழ போட்டா நம்பர் கீழ வருது, ஒரு டாலர் மேல போட்டா மானியம் மொத்தமா போயிடுது. எங்க கடை வருமானம் சரியா அந்தக் கோட்டுல நிக்குது, நல்ல மாசம் வந்தா தாண்டும், பனி கொட்டினா தாண்டாது. முன்கூட்டியே எந்த நம்பர்னு நான் எப்படி சொல்வேன்?

டல்லாஸ் அண்ணா, ஹெச்எஸ்ஏல காசு போடறேன்னு சொல்றாங்களே, வீட்டுக்காரருக்கு ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு. மறுபடி ஆஸ்பத்திரி போனா அந்தக் கணக்குல இருக்கற காசு எமர்ஜென்சி ரூம் பில்லுக்கே காணாது. எங்களுக்கு இன்ஷூரன்ஸ்தான் வேணும். நான் எந்தக் கட்சியும் இல்ல, போன தடவை வீட்டுக்காரர் உங்க கட்சிக்குத்தான் போட்டாரு.


கணக்குப்பிள்ளை
நவம்பர் 15, 2025

அம்மா, இது நான் தினம் பாக்கற வேலை, வரிக் கணக்கு போடறவன், அதனால நிதானமா படிங்க.

அந்த 84,600 எங்கேர்ந்து வந்துதுன்னா, ரெண்டு பேர் குடும்பத்துக்கு வறுமைக் கோடு 21,150, அதுக்கு நாலு மடங்கு. ஒபாமாகேர் முதல்ல வந்தப்ப இப்படித்தான் இருந்தது, நாலு மடங்கு தாண்டினா ஒண்ணும் கிடையாது. 2021ல அந்தக் கோட்ட எடுத்துட்டு, பெஞ்ச்மார்க்கா வெச்ச சில்வர் ப்ளானுக்கு யாரும் வருமானத்துல 8.5 சதவீதத்துக்கு மேல கட்ட வேண்டாம்னு மாத்தினாங்க. உங்க 600 டாலர் அதுதான். ஜனவரி 1லேர்ந்து கோடு திரும்ப வருது. உங்க வயசுலதான் இது ரொம்ப வலிக்கும், ஏன்னா 60 தாண்டினவங்களுக்கு ப்ரீமியம் இளவயசுக்காரங்கள விட மூணு மடங்கு வரைக்கும் வாங்கலாம்.

இப்ப பண்ண வேண்டியது. சட்டம் எண்ணற வருமானம் மொத்த வியாபாரம் இல்ல, செலவும் சில வரிக் கழிவும் போக நிக்கற வருமானம், அதுக்கு MAGIன்னு பேரு. பழைய மாதிரி (ட்ரடிஷனல்) ஐஆர்ஏங்கற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்குல போட்டா அது குறையும், 2026க்கு 50 தாண்டினவங்க ஆளுக்கு 8,600 வரைக்கும் போடலாம், ரெண்டு பேருக்கும் சேர்த்து 17,200. அதையும் 2027ல வரி கட்டற தேதி வரைக்கும் போடலாம், அதனால வருஷம் முடிஞ்சு கணக்கு பாத்துட்டு கோட்டுக்குக் கீழ இறக்க வழி இருக்கு. அடுத்த வருஷத்துலேர்ந்து ப்ரீமியம் கம்மியான ப்ரான்ஸ் ப்ளான் எல்லாமே ஹெச்எஸ்ஏவுக்கு தகுதி ஆகுது, ஆனா ஸ்டென்ட் வெச்சவருக்கு ப்ரான்ஸ்ல டிடக்டிபிள், அதாவது முதல்ல நம்ம கைலேர்ந்து கட்ட வேண்டியது அதிகம், அது யோசிக்கணும். ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது எதுன்னா, முன்னெல்லாம் வருமானத்த குறைச்சு சொல்லி மானியம் அதிகமா வாங்கிட்டா, திருப்பிக் கட்டறதுக்கு கீழ் வருமானக்காரங்களுக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. ஜூலை 4 கையெழுத்தான பெரிய சட்டத்துல அத எடுத்துட்டாங்க. 2026லேர்ந்து அதிகமா வாங்கினத முழுசா திருப்பணும். ஜனவரி 1 கவரேஜ் வேணும்னா டிசம்பர் 15க்குள்ள ப்ளான் எடுக்கணும், அத விட்டுடாதீங்க.


பொடோமாக் கரையோரம்
நவம்பர் 15, 2025

டல்லாஸ் நண்பரே, கொலம்பஸ் அம்மா எழுதினத ரெண்டு தடவை படிங்க. இவங்களுக்காகத்தான் சண்டை. உங்க கட்சி டிவில 43 நாளும் என்ன சொன்னாங்க? டெமாக்ராட்ஸ் சட்டவிரோதமா வந்தவங்களுக்கு இலவச வைத்தியம் குடுக்க கவர்ன்மென்ட்ட மூடினாங்கன்னு துணை அதிபர்லேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் திரும்பத் திரும்ப சொன்னாங்க. பேப்பர் இல்லாதவங்களுக்கு இந்த மானியம் என்னைக்குமே கிடையாது, 2010 சட்டத்துலயே கிடையாது, முழு விலை குடுத்துக்கூட அந்த மார்க்கெட்ப்ளேஸ்ல வாங்க முடியாது.

ஜூலை சட்டத்துல வெட்டினது யாருக்குத் தெரியுமா, சட்டப்படி இருக்கறவங்களுக்கு. கிரீன் கார்டு வாங்கிட்டு வந்த நம்ம அப்பா அம்மாவையே எடுத்துக்கோங்க. அஞ்சு வருஷம் ஆகாம ஏழைகளுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் மெடிகெய்ட் பெரும்பாலும் வராது. அதனால வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழ இருந்தாலும் மார்க்கெட்ப்ளேஸ் மானியம் தர்ற வழி ஒண்ணு இருந்தது, 2026 ஜனவரிலேர்ந்து அது மூடுது. 2027லேர்ந்து ஹெச்1பி வேலை விசா, எஃப்1 மாணவர் விசால இருக்கறவங்களுக்கும் மானியம் கிடையாது. எல்லாரும் வரி கட்டறவங்க. அகதியா வந்தவங்களுக்கும் கிடையாது. டெமாக்ராட்ஸ் திருப்பிக் குடுங்கன்னு கேட்டது இத.

பைடன் லோன் விஷயம், கோர்ட்டு வேண்டாம்னு சொன்னதும் அந்தத் திட்டம் நின்னு போச்சு, ஒரு டாலர் கூட போகல. இவங்க காச முதல்ல நிறுத்திடறாங்க, கோர்ட்டு முடிவு சொல்றதுக்குள்ள செப்டம்பர் 30 வந்துடுது.


ராக்வில் அக்கா
நவம்பர் 16, 2025

பணம் பத்தி பேசறீங்கல்ல, நான் பாத்தத சொல்றேன். அக்டோபர் 15 ராணுவத்துக்கு சம்பளம் குடுக்கணும்னதும் பென்டகன் ஆராய்ச்சிக் காசுலேர்ந்து 8 பில்லியன எடுத்துக் குடுத்தாங்க. அந்தப் பசங்களுக்கு சம்பளம் வந்தது எனக்கு சந்தோஷம். கைக்குழந்தைக்காரங்களுக்கான விக் திட்டத்துக்கு டாரிஃப் காசுலேர்ந்து 300 மில்லியன் எடுத்தாங்க, அதுவும் நல்லது. ஆனா நவம்பர் 1 ஏழைகளுக்கு சாப்பாட்டுக்கு தர்ற ஃபுட் ஸ்டாம்ப் போட வேண்டிய நாள், 4 கோடியே 20 லட்சம் பேரு, அதுக்குன்னே ஆபத்து நிதி தனியா இருக்கு, அத தொட சட்டத்துல இடமில்லன்னுட்டாங்க. விவசாயத் துறையோட சொந்த ஷட்டவுன் ப்ளான்லயே அந்த நிதிய எடுக்கலாம்னு முதல்ல எழுதியிருந்தது, அப்புறம் அந்தப் பேப்பர சைட்லேர்ந்தே எடுத்துட்டாங்க. ரோட் ஐலண்ட்லயும் மாசசூசெட்ஸ்லயும் ஜட்ஜுங்க குடுன்னு சொன்னாங்க, அப்பீல் மேல அப்பீல் போட்டு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, சோறு குடுக்காம இருக்கறதுக்கு.

நான் ஏன் முடிச்சது சரின்னு சொல்றேன்னா இதனாலதான் தம்பி. எதிர்ல இருக்கறவங்களுக்கு வலிச்சாத்தான் ஷட்டவுன்ல நமக்கு பேரம் பேச முடியும். இவங்களுக்கு வலிக்கல. ஊர் பசில கிடக்கறப்ப வெள்ளை மாளிகைல கிழக்குப் பக்க கட்டடத்த இடிச்சு பால்ரூம் கட்டற வேலை நடக்குது, ஹவுஸ் ரெண்டு மாசம் கிட்ட கூடவே இல்ல, அரிசோனால செப்டம்பர் 23 ஜெயிச்ச கிரிஹால்வாவுக்கு ஏழு வாரம் பதவிப் பிரமாணமே பண்ணி வெக்கல. இன்னும் ரெண்டு வாரம் போனாலும் வலி எங்களுக்கும் அந்த ஃபுட் ஸ்டாம்ப் குடும்பங்களுக்கும்தான். இந்த ஒப்பந்தத்துல ஃபுட் ஸ்டாம்ப்புக்கு அடுத்த செப்டம்பர் வரைக்கும் காசு ஒதுக்கியாச்சு, மத்த பெரும்பாலான துறைக்கு ஜனவரி 30 வரைக்கும்தான் காசு, அப்ப மறுபடி மூடினாலும் அந்தக் குழந்தைங்க சாப்பாட்டுல கை வெக்க முடியாது. அது சின்ன விஷயம் இல்ல.


பொடோமாக் கரையோரம்
நவம்பர் 16, 2025

ஃபுட் ஸ்டாம்ப் விஷயம் நல்லது அக்கா, அத மறுக்க மாட்டேன், அந்த எட்டு பேர் செஞ்சதுல உருப்படியா ஒண்ணு அது. ஆனா வலிக்கலன்னு சொல்றது சரியில்ல. ஏழாந்தேதிலேர்ந்து 40 ஏர்போர்ட்ல ஃப்ளைட்ட குறைக்க ஆரம்பிச்சாங்க, கன்ட்ரோலர்ஸ் சம்பளம் இல்லாம எத்தனை நாள் வருவாங்க. தேங்க்ஸ்கிவிங் வந்துட்டிருந்துது. நாலாந்தேதி தேர்தல்ல தோத்ததுக்கு ஷட்டவுனும் ஒரு காரணம்னு ட்ரம்ப்பே வாயால சொன்னாரு. அவங்களுக்கு வலிக்க ஆரம்பிச்ச அந்த வாரத்துலதான் நம்ம ஆளுங்க எழுந்து போனாங்க. இதுல ஷூமர் மேலயும் எனக்கு கோவம். தன் ஆளுங்கள கட்டி வெக்க முடியலன்னா தலைவர் பதவி எதுக்கு? அவரு எதிராத்தான் ஓட்டுப் போட்டாரு, அது போதாது.


வடக்குமாசிவீதி
நவம்பர் 17, 2025

என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஹெச்1பிக்கு கம்பெனி மாறணும்னு அக்டோபர் பூரா தவிச்சான், லேபர் டிபார்ட்மென்ட்ல அதுக்கு முதல்ல வேணும்ங்கற எல்சிஏ சான்று வாங்குற சைட்டையே மூடிட்டாய்ங்கன்னு சொன்னான். அப்ப எனக்குப் புரியல, இப்பத்தான் எதனாலன்னு விளங்குது. நன்றிண்ணே எல்லாருக்கும்.


கணக்குப்பிள்ளை
நவம்பர் 20, 2025

இழைய மேல கொண்டு வர்றேன், ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஷட்டவுன் முடிக்கற பில்லுக்குள்ள ஒரு ஷரத்த சொருகி வெச்சிருந்தாங்க. 2021 ஜனவரி 6 கேபிடல் கலவர விசாரணைல சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் டீம் செனட்டர்ங்க போன் ரெக்கார்ட எடுத்தாங்கல்ல, அப்படி செனட்டருக்கு தெரிவிக்காம எடுத்திருந்தா அந்த செனட்டர் கவர்ன்மென்ட் மேல கேஸ் போடலாம், ஒவ்வொரு தடவைக்கும் குறைஞ்சது 5 லட்சம் டாலர். 2022லேர்ந்து நடந்ததுக்கும் செல்லும். அதாவது இப்ப பதவில இருக்கற ஆளுங்களே வாங்கிக்கலாம். செனட்டர்களுக்கு மட்டும், சாதாரண ஜனங்களுக்கு இல்ல, ஹவுஸ் மெம்பர்களுக்குக்கூட இல்ல. நேத்து ஹவுஸ்ல அத ரத்து பண்ணணும்னு ஓட்டெடுப்பு, 426க்கு 0. ஒரு ஆள் எதிர்ப்பு இல்ல. ஆனா செனட்டும் ரத்து பண்ணாத்தான் போகும்.


டல்லாஸ்காரன்
நவம்பர் 20, 2025

இதுல நான் உங்க பக்கமுங்க. என் கட்சி செனட்டருங்கதான் சொருகினாங்க, வெக்கக்கேடு. மளிகைக்கடைக்காரங்களுக்கு காசில்லன்னு சொல்லிட்டு தனக்கு அஞ்சு லட்சம் எழுதிக்கறதுக்கு நான் ஓட்டுப் போடல. மானியம் விஷயத்துல என் கருத்து மாறல, அப்படியே நீட்டக் கூடாது. ஆனா கொலம்பஸ் அக்கா சொன்ன அந்த ஒரு டாலர் கோடு அநியாயம், அத படிப்படியா இறங்கற மாதிரி மாத்தலாம், அதுக்கு எங்க பக்கத்துலயும் ஓட்டு வரும்னு நினைக்கறேன்.


பொடோமாக் கரையோரம்
நவம்பர் 21, 2025

அப்படின்னா உங்க செனட்டர் ஆபீஸுக்கு போன் பண்ணி இதையே சொல்லுங்க நண்பரே, நான் சொல்றத விட நீங்க சொன்னா கேப்பாங்க. டெக்சஸ்ல கார்னின் 2026ல நிக்கறாரு, கட்சிக்குள்ள வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற ப்ரைமரி மார்ச்ல வருது. நான் கெயின் ஆபீஸுக்குப் பேசிட்டேன், டிசம்பர் ஓட்டெடுப்பு தோத்தா ஜனவரி 30க்கு என்ன பண்ணுவீங்க, காச பிடிச்சு வெக்கறதுக்கு தடை இல்லாம மறுபடி ஓட்டுப் போடுவீங்களான்னு கேட்டேன், எழுதி வெச்சுக்கறோம்னாங்க. மறுபடி கேப்பேன்.


ராக்வில் அக்கா
நவம்பர் 21, 2025

பாக்கிச் சம்பளம் வந்துடுச்சு. கிரெடிட் யூனியன் கடன அடைச்சுட்டேன். நானும் எங்க மேரிலாண்ட் செனட்டர் ஆபீஸுக்குப் பேசினேன், கான்ட்ராக்ட்ல இருக்கற கஸ்டோடியல் ஆளுங்களுக்கும் பின்சம்பளம் குடுக்கற சட்டம் வேணும்னு. நீ ஜனவரில மூடச் சொன்னா முதல்ல இத வாங்கிக் குடுத்துட்டு மூடச் சொல்லு தம்பி.


கொலம்பஸ் கடை
நவம்பர் 22, 2025

பிள்ளை சார் சொன்ன மாதிரி ஐஆர்ஏ கணக்கு போட்டுப் பாத்தோம், 84,600க்கு கீழ வரும்போல, கோட்டுக்குள்ள வந்தாலும் பழைய மானியம் இல்ல, மாசம் நூறு டாலர் கிட்ட அதிகம்தான், ஆனா கட்டிடலாம். சில்வர் ப்ளானே எடுத்துட்டோம். அந்த 17,200 கைல இருந்து எடுத்து வெக்கணும்னா கடைல புது ஃப்ரீசர் வாங்கறத தள்ளிப் போட்டாச்சு.

எங்க ஊர் செனட்டர் ஹஸ்டட் ஆபீஸுக்கு வீட்டுக்காரரே போன் பண்ணாரு. துணை அதிபரா போன வான்ஸ் இடத்துக்கு அவர கவர்னர் நியமிச்சாரு, செனட்டுக்காக மக்கள் ஓட்டுக்கு 2026லதான் முதல்ல வர்றாரு, ஷெராட் பிரவுன் எதிர்ல நிக்கறாரு. நான் உங்க கட்சிக்கு ஓட்டுப் போட்டவன், டிசம்பர் ஓட்டெடுப்புல நீங்க எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் அடுத்த நவம்பர் முடிவு பண்ணுவேன்னு பேரு, ஜிப் கோடு எல்லாம் குடுத்துட்டு வெச்சாரு.